மாதம் 18,600 கட்டியும் கார்டு கடன் ஏறிக்கொண்டே போவது ஏன்?

கேள்வி: சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம். இப்போது ஓசூரில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு 28 வயது, வீட்டுக்காரருக்கு 32. அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். ஓவர்டைம் சேர்த்துக் கைக்கு 38,000 வருகிறது. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் 3,000 பார்க்கிறேன். பெரியவள் எல்கேஜி, சின்னவனுக்கு அடுத்த மாதம் ஒரு வயது ஆகிறது.

இரண்டாவது பிரசவம் சிசேரியன். 1,10,000 ஆனதில் கம்பெனி இன்சூரன்ஸ் 50,000 கொடுத்தது, மீதிக்குக் கார்டைத் தேய்த்தோம். பிறகு பெரியவளுக்குக் காதுகுத்து. மொய்ப் பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்று அதற்கும் தேய்த்தோம். மொய் 64,000 வந்தது, ஆனால் அது ஊரில் மாமனார் வீட்டுக் கூரை வேலைக்குப் போய்விட்டது. இப்போது மூன்று கார்டிலும் சேர்த்து 3,72,000 நிற்கிறது. தீபாவளி சமயத்தில் 3 லட்சத்துக்குள்தான் இருந்தது. மாதம் தவறாமல் மினிமம் தொகை கட்டுகிறோம். எனக்கு இரண்டு கார்டுதான் தெரியும். மூன்றாவது கார்டு இருப்பதே, வசூல்காரர் ராத்திரி ஒன்பது மணிக்கு என் நம்பருக்குக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. ஊரில் மாமியாருக்கும் போன் போட்டுப் பேசியிருக்கிறார்கள்.

தாலிக்கொடி போக என்னிடம் எட்டுப் பவுன் இருக்கிறது. விற்றுவிடலாமா? மாமனார் மாந்தோப்பை அடமானம் வைத்துத் தருகிறேன் என்கிறார். பர்சனல் லோன் வாங்கித் தருவதாக ஒருவர், பாதிப் பணத்தில் செட்டில் பண்ணித் தருவதாக இன்னொருவர் போன் செய்கிறார்கள். வீட்டுச் செலவுக் கணக்கும் மூன்று கார்டின் ஸ்டேட்மென்ட்டும் அனுப்பியிருக்கிறேன். எதைச் செய்வது?

பதில்: செலவுக் கணக்கை எழுதி அனுப்பினீர்களே, அதுதான் இந்தக் கடிதத்தில் மிக உபயோகமான பகுதி. அதற்கு வருவதற்கு முன் வட்டியைப் பார்த்துவிடுவோம்.

கார்டு வட்டியை ஊர் வழக்கத்தில் சொன்னால் சட்டென்று புரியும். கைக்கடன் வாங்கும்போது நாம் என்ன கேட்போம்? எத்தனை வட்டி என்று கேட்போம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, பரவாயில்லை என்போம். மூன்று வட்டி என்றால் முகம் சுளிப்போம். ஐந்து வட்டிக்காரரிடம் போனால் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊரே பேசும். உங்கள் முதல் கார்டில் 1,86,000 நிற்கிறது, அதற்கு மாதம் 3.75 சதவீதம். இரண்டாவதில் 1,24,000, மூன்றாவதில் 62,000, இரண்டுக்கும் 3.5 சதவீதம். இந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. பெரிய கார்டுக்கு ஜிஎஸ்டியோடு 4.42 ஆகிறது. அதாவது கிட்டத்தட்ட நாலரை வட்டி. ஏசி போட்ட கிளை, வழவழப்பான அட்டை, 'வாழ்த்துகள், உங்கள் லிமிட் உயர்த்தப்பட்டது' என்ற மெசேஜ் எல்லாம் இருப்பதால் இது நமக்கு நாலரை வட்டியாகத் தெரிவதில்லை. உங்கள் மாமனாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

மூன்று கார்டுக்கும் ஒரு மாத வட்டி 13,485. ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 15,900. நீங்கள் கட்டும் மினிமம் தொகை 18,600. அதில் அசலுக்குப் போவது 2,700 ரூபாய். சரி, கொஞ்சமாவது குறைகிறதே என்றால் அதுவும் இல்லை.

உங்கள் பட்டியலைப் பாருங்கள். வாடகை 8,500. மளிகை, பால், காய்கறி 11,000. பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 2,500, வேன் 1,200. பெட்ரோல் 2,500. பைக் தவணை 3,200. ஊருக்கு மாமனார் மாமியாருக்கு 3,000. சீட்டு 5,000. போன், நெட் 900. கேஸ், கரண்டு 1,600. மொத்தம் 39,400. இதோடு கார்டு மினிமம் 18,600 சேர்ந்தால் 58,000. வருமானம் 41,000. மாதம் 17,000 துண்டு விழுகிறது. அந்த 17,000 எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஐந்து, ஆறு தேதிவாக்கில் ஒரே மொபைல் கடையின் பெயரில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று இரண்டு பில். மாதாமாதம் யாரும் மொபைல் வாங்குவதில்லை. உங்கள் வீட்டுக்காரர் கடைக்காரரிடம் கார்டைத் தேய்த்து, நூற்றுக்கு இரண்டரை ரூபாய் கமிஷன் கழித்துக் காசாக வாங்கி, அந்தக் காசை இன்னொரு கார்டுக்கு மினிமமாகக் கட்டுகிறார். ஓசூரிலும் பெங்களூரு எல்லையிலும் சம்பளக்காரர்கள் நடுவே இது சகஜமாகிவிட்டது. கடைக்காரருக்கு மாதம் 425 ரூபாய் போகிறது. அதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் இருக்கிறது. பழைய பாக்கி நிற்கும் கார்டில் புதிதாகத் தேய்த்தால் வட்டியில்லாத அந்த நாற்பது ஐம்பது நாள் சலுகை கிடையாது. தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். தவிர, இப்படிப் பொய் பில் போட்டுக் காசாக்குவது கார்டு நிபந்தனைக்கு விரோதம். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கிவிடும்.

ஆக, 2,700 குறைகிறது, 17,000 ஏறுகிறது. மாதம் 14,300 கடன் வளர்கிறது. தீபாவளியிலிருந்து இன்றுவரை ஏறியிருக்கும் தொகை இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

உங்கள் வீட்டுக்காரர்மேல் கோபப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கார்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் உங்கள் குடும்பம் 41,000 சம்பாதித்து 39,400 செலவு செய்யும் குடும்பம். ஊதாரித்தனம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் காதுகுத்தும் இழுத்துவிட்ட கடன், வட்டியைக் கட்ட வட்டிக்கு வாங்கியதால் ஊதிப்போனது. அவர் மறைத்தது தப்புத்தான். ஆனால் மூன்றாவது கார்டு செலவுக்காக வாங்கியது அல்ல, முதல் இரண்டு கார்டின் மினிமத்துக்காக வாங்கியது. பேசும்போது அங்கிருந்து தொடங்குங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் சீட்டு. 1,00,000 ரூபாய் சீட்டு, 20 மாதம், பதினொரு தவணை கட்டிவிட்டீர்கள், இன்னும் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தால் தள்ளு இல்லாமல் முழுசாக வரும் என்று வைத்திருக்கிறீர்கள். கடன் இல்லாதவருக்கு அது சரி. உங்களுக்குச் சரியில்லை. அடுத்த ஏலத்தில் 15,000 தள்ளி எடுத்தால்கூட 85,000 கைக்கு வரும். அதே 85,000 பெரிய கார்டில் இன்னும் ஒன்பது மாதம் கிடந்தால், கூட்டு வட்டியை விடுங்கள், சாதாரணக் கணக்கிலேயே 33,000க்கு மேல் வட்டியும் வரியும் ஆகிவிடும். 15,000 நஷ்டத்தைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். பதிவு செய்யாத தெருச் சீட்டு என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சீக்கிரம் எடுப்பதுதான் பாதுகாப்பும்கூட. எடுத்த பிறகு மீதித் தவணைகளை ஒழுங்காகக் கட்டுங்கள்.

அடுத்தது நகை. விற்க வேண்டாம், அடகு வையுங்கள். அதுவும் கடைத்தெரு அடகுக் கடையில் வேண்டாம். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். அங்கே நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9, 10 சதவீத அளவில் இருக்கும். கார்டுக்கு ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம். நகைக்கடன் வட்டிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இரண்டரை லட்சத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம். மதிப்பிடும்போது கல், அரக்கு எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தின் எடையை மட்டும்தான் எடுப்பார்கள். அதனால் கல் வைத்த ஆரம், நெக்லஸை விட்டுவிட்டு வளையல், செயின் மாதிரி கல் இல்லாத உருப்படிகளைக் கொண்டு போங்கள். நீங்கள் வாங்க வேண்டியது 3,00,000. இன்றைய தங்க விலைக்கு எட்டுப் பவுனையும் வைக்க வேண்டியிருக்காது.

இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும். நகை உங்களுடையது, ரசீதும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டும் வகைக் கடன் வேண்டாம். கவுண்டரில் பெரும்பாலும் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். 'மாதாமாதம் அசலிலும் கட்டுகிற மாதிரி வேண்டும்' என்று கேளுங்கள். வருஷக் கடைசிக் கடனை எடுத்தவர்கள் பன்னிரண்டாம் மாதம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள், அடுத்த வருஷமும் அதேதான். நகை பெட்டிக்குள்ளேயே வயசாகிவிடும்.

சீட்டுப் பணம் 85,000, நகைக்கடன் 3,00,000. மூன்று கார்டும் அடைந்து 13,000 மிஞ்சும். இந்த 13,000 எதற்கு என்றால், ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் தொகையை முழுசாகக் கட்டினாலும் ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்கான வட்டி அடுத்த மாதம் வந்து நிற்கும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டு, சில ஆயிரம் பாக்கிக்குத் தாமதக் கட்டணமும் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் திகைப்பார்கள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, 'கணக்கை மூட இன்றைய தேதிக்கு, இன்னும் பில்லில் வராததும் சேர்த்து, எவ்வளவு?' என்று கேட்டுக் கட்டுங்கள். மிச்சம் இருப்பது உங்கள் சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்குக் கிடக்கட்டும். சீட்டு ஏலம் தள்ளிப்போனால் காத்திருக்க வேண்டாம். நகைக்கடனை வாங்கி 3.75 வட்டிக் கார்டை முதலில் முடித்துவிடுங்கள்.

மாந்தோப்பு யோசனையை மாமனாரிடம் நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள். கார்டு கடன் எந்த அடமானமும் இல்லாத கடன். அதைக் கொண்டுபோய் நிலத்தின் தலையில் கட்டினால், நாளைக்கு வேலை போனால் தோப்பும் போகும். குத்தகைப் பணம் வருமே என்பார். பெங்களூரா ரக மாம்பழத்துக்குக் கூழ் ஆலைக்காரர்கள் என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் அந்த வருஷ வருமானம். சில வருஷம் பறிப்புக் கூலிகூடத் தேறாது. அந்தப் பணத்தை நம்பித் தவணை போட முடியாது. அவர் நிஜமாகவே உதவ நினைத்தால் வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

பர்சனல் லோன் உங்களுக்கு ஒத்துவராது. மூன்று கார்டும் நிரம்பியிருக்கும் நிலையில் குறைந்த வட்டிக்குத் தர மாட்டார்கள். 18 சதவீதத்துக்குக் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும் 3,72,000க்கு நான்கு வருஷத் தவணை மாதம் சுமார் 10,900. உங்களிடம் மிஞ்சுவது 1,600. மறுபடி அந்த மொபைல் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

செட்டில்மென்ட் ஆசாமிகளின் போனை எடுக்கவே வேண்டாம். ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு எந்த வங்கியும் பாதியில் முடித்துத் தராது. முதலில் சில மாதம் கட்டாமல் நிறுத்தச் சொல்வார்கள். அந்த மாதங்களில் வட்டியும் வசூல்காரரும் உங்கள் வாசலில் நிற்பார்கள், ஏஜென்ட் கமிஷனோடு போய்விடுவார். கடைசியில் முடிந்தாலும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'முழுசாக அடைத்தார்' என்று வராமல் 'செட்டில்டு' என்று பதிவாகி, பின்னால் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது குறுக்கே வரும். வேலை போய், கட்ட வழியே இல்லாதவர் வங்கியோடு நேரடியாகப் பேசி எடுக்க வேண்டிய கடைசி வழி அது. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி செல்லாது என்று உங்கள் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் வந்ததும் பழைய செய்தி. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அப்படிச் சொன்னது உண்மை. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

இனி கஷ்டமான பகுதி. கடனை மாற்றியதும் மாத வட்டி 15,900 என்பது 2,500 ஆகிவிடும். ஆனால் உங்களிடம் மிஞ்சுவது 1,600தான், அந்த 2,500க்கே போதாது. இந்த ஓட்டையை அடைக்காமல் நகையை வைத்தால் ஒரு வருஷத்தில் நகைக்கடனும் இருக்கும், கார்டும் நிரம்பியிருக்கும். இப்படி ஆன வீடுகள் நிறைய.

மாமனார் உதவ வேண்டிய இடம் இதுதான். ஊருக்கு அனுப்பும் 3,000 ரூபாயை ஒரு வருஷம், முடிந்தால் கடன் அடையும் வரை, நிறுத்திக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும், மருமகள் வாயால் வேண்டாம். தோப்பையே எழுதித் தரத் தயாராக இருப்பவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். அடுத்து மளிகை. ரேஷன் கார்டு இன்னும் காவேரிப்பட்டண முகவரியில் இருப்பதால் ஓசூரில் எதுவும் வாங்குவதில்லை என்கிறீர்கள். முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில், அரிசி, சர்க்கரை எல்லாம் உங்களுக்கும் உரியதுதான். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்பை போனிலிருந்து எடுத்துவிட்டுக் காய்கறிக்கு ஓசூர் உழவர் சந்தைக்குப் போங்கள். ராகி ஊரிலிருந்தே வரும். 1,500 குறைந்தால் போதும், பிள்ளைகளுக்குப் பாலைக் குறைக்க வேண்டாம்.

இப்போது மாதம் 6,100 கிடைக்கிறது. ஐந்து மாதத்தில் பைக் தவணை முடியும், 9,300 ஆகும். ஒன்பதாம் மாதத்தோடு சீட்டு முடிந்தால் 14,300. இதை அப்படியே நகைக்கடனுக்குக் கட்டி வந்தால் 10 சதவீத வட்டியில் 28, 29 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். தீபாவளி போனஸ் 28,000 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு போனஸையும் இதிலேயே போட்டால் ஏறக்குறைய இரண்டு வருஷம். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கும்போது அசல் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் கீழே இறங்கவில்லை என்றால் தயங்காமல் இரண்டு பவுனை விற்றுக் கடனைக் குறையுங்கள். அம்மா வீட்டில் போட்டது என்பதற்காக வருஷக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

சின்னவனின் பிறந்தநாளுக்கு 30,000 ரூபாயில் ஹால் பேசி 5,000 அட்வான்ஸ் கொடுத்ததாகப் பட்டியலின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். ரத்து செய்யுங்கள். 5,000 திரும்பி வராவிட்டாலும் 25,000 மிச்சம். வீட்டில் கேசரி கிண்டி, ஒரு புதுச் சட்டை போட்டால் போதும். ஒரு வயதுப் பிள்ளைக்கு ஹாலும் தெரியாது, வந்தவர்களும் தெரியாது.

கார்டுகளைப் பாக்கி அடைத்ததும் எழுத்தில் கேட்டு மூடிவிடுங்கள். மின்னஞ்சல் போதும். பாக்கி எதுவும் இல்லை என்றால் ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூன்றையும் மூடினால் சிபில் ஸ்கோர் இறங்குமே என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். கொஞ்சம் இறங்கலாம். இப்போதைக்குச் சிபில் ஸ்கோர் சோறு போடாது. அவசியம் என்றால் மிகப் பழைய கார்டு ஒன்றை மட்டும் லிமிட்டை 20,000க்குக் குறைத்து வைத்துக்கொள்ளட்டும், அதன் ஓடிபி உங்கள் போனுக்கும் தெரியட்டும்.

இதைப் படிக்கும் எல்லோரிடமும் நகை இருக்காது. இல்லாதவர்கள் வங்கியிடம் பாக்கி முழுவதையும் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். வட்டி பாதிக்கும் கீழே இறங்க வாய்ப்புண்டு. ஆனால் கார்டுத் தவணையின் வட்டிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பிராசசிங் கட்டணமும் உண்டு. அதைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். மாற்றிய அன்றே கார்டை நிறுத்தாவிட்டால் மாற்றியதில் பிரயோஜனமில்லை.

வசூல்காரர் விஷயம். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடனுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மிரட்டுவதும், வீட்டார், உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்வதும் அதே சுற்றறிக்கையில் தடை செய்யப்பட்டவை. உங்களுக்கு வந்த ஒன்பது மணி போன், மாமியாருக்குப் போன போன் இரண்டையும் தேதி, நேரம், நம்பரோடு எழுதி வையுங்கள், கால் லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு எதுவும் இல்லை, வழி கேட்க 14448 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். புகார் கொடுத்ததற்காகக் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள், இரண்டும் தனித்தனி. மாமியாருக்கு மறுபடி யாராவது போன் செய்தால், 'எழுத்தில் அனுப்புங்கள்' என்ற இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடச் சொல்லுங்கள்.